பத்துத்தரம் ஃபோன் அடிச்சன், ஒருத்தரும் வரேல்லை
வாசகர் கேள்வி-பதில்: இந்த மாசம் வீட்டு ரிப்பேர்

போன இதழில "கவுன்சில் வீடு, ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில இருக்கிற ஆக்களுக்கு ரிப்பேர் பிரச்சினை இருந்தா எழுதுங்கோ" எண்டு ஒரு வரிதான் போட்டன், ஈமெயில் பெட்டி நிரம்பி வழியுது. (ஹவுசிங் அசோசியேஷன் எண்டா கவுன்சில் மாதிரிக் குறைஞ்ச வாடகைக்கு வீடு குடுக்கிற நிறுவனம்.) எல்லாத்தையும் போட இடமில்லை, ஒரே மாதிரி வந்ததுகளைச் சேர்த்து ஆறு கேள்வி ஆக்கியிருக்கிறன். நான் சொலிசிட்டர் இல்லை. கன வருசமா சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூட ஹோலின்ர பின்பக்கம் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, பிள்ளையளை விட வாற தாய் தேப்பனுக்கு வீட்டுக் கடிதம் வாசிச்சுச் சொல்லி, பதில் எழுதிக் குடுக்கிற ஆள். அதில கண்டதையும் பட்டதையும்தான் சொல்லுறன். இதில சொல்லுற சட்டம் இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பக்கம் இருக்கிறவைக்கு முறை வேற.

கேள்வி: அண்ணை, நாங்கள் கிழக்கு லண்டனில ஹவுசிங் அசோசியேஷன் ஃபிளாட்டில 6 வருசமா இருக்கிறம். படுக்கையறை மூலையில கறுப்புப் பூஞ்சணம், அலுமாரிக்குப் பின்னால முழுச் சுவரும் கறுத்துப்போச்சு, சின்னவனுக்கு ஆஸ்துமா, இரவிரவா இருமுறான். ரெண்டு வருசமா ஃபோன் அடிக்கிறன், பத்துத்தரத்துக்கு மேல இருக்கும். ஒருக்கா ஒருத்தர் வந்து ஏதோ மருந்து அடிச்சு வெள்ளைப் பெயின்ட் பூசிப்போட்டுப் போனார், மூண்டு மாசத்தில திரும்ப வந்திட்டுது. கடைசியா வந்தவர் நீங்கள் கூடச் சமைக்கிறீங்கள், யன்னலைத் திறந்து விடுங்கோ எண்டு ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தந்திட்டுப் போயிட்டார். இனி என்ன செய்யிறது?

பதில்: தங்கச்சி, முதல் ஒரு கேள்வி. அந்தப் பத்து ஃபோனும் எந்தெந்தத் திகதியில அடிச்சனீங்கள் எண்டு சொல்ல ஏலுமோ? ஏலாது எண்டுதான் நினைக்கிறன். என்ர மேசைக்கு வாற பத்துப் பேரில ஒன்பது பேருக்கு ஏலாது. "கனதரம் சொன்னனான்" எண்டுவினம், எப்ப எண்டு கேட்டா "போன விண்டருக்கு முந்தின விண்டர்" எண்டுவினம். ஃபோனில சொன்னது கிணத்துக்குள்ள போட்ட கல்லுத்தான். வீட்டுக்குள்ள ஒரு பழுது இருந்தா, அது வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச நாளில இருந்துதான் திருத்த வேண்டிய பொறுப்புத் தொடங்குது. அந்த நாள் எது எண்டு காட்ட உங்களிட்ட ஒரு துண்டும் இல்லையெண்டா, அவையின்ர கொம்பியூட்டரில என்ன பதிஞ்சிருக்கோ அதுதான் கதை. அதில "ஆள் வீட்டில இல்லை" எண்டு நாலு இடத்தில இருக்கும், நீங்கள் அண்டைக்கு முழுக்க வேலைக்கு லீவு போட்டுட்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பீங்கள்.

அதால இண்டைக்கு இரவே ஒரு ஈமெயில். நீளமா வேண்டாம், அழுது எழுத வேண்டாம். எந்த அறை, எந்தச் சுவர், எப்ப தொடங்கினது, எத்தினைதரம் சொன்னது, ஒருக்கா வந்து பெயின்ட் அடிச்சிட்டுப் போனது, மூண்டு மாசத்தில திரும்ப வந்தது. பிள்ளைக்கு ஆஸ்துமா, இன்ன வயசு, அந்த அறையிலதான் படுக்கிறான். ஃபோட்டோ நாலைஞ்சு. கடைசியா ரெண்டு வசனம்: இதை அவாப் சட்டத்தின் கீழ வாற ஆபத்தெண்டு அறிவிக்கிறன், எப்ப வந்து பாக்கிறீங்கள் எண்டு எழுத்தில சொல்லுங்கோ. அவ்வளவுதான். இங்கிலிஷ் வடிவா வராட்டிப் பரவாயில்லை, விளங்கினாச் சரி.

அவாப் சட்டம் எண்டா என்னெண்டு கன பேருக்குத் தெரியாது, அதால கொஞ்சம் சொல்லத்தான் வேணும். மான்செஸ்டருக்குப் பக்கத்தில ரோச்டேல் எண்டு ஒரு ஊர். அங்க சூடானில இருந்து வந்த ஒரு குடும்பம், ஒரே ஒரு படுக்கையறை ஃபிளாட், எங்களை மாதிரி ஹவுசிங் அசோசியேஷன் வீடு. தகப்பன் 2017-லயே பூஞ்சணம் இருக்கெண்டு சொல்லியிருக்கிறார், அதுக்கு மேல பெயின்ட் அடியுங்கோ எண்டு பதில். அப்ப அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. அவாப் இஷாக் 2018 டிசம்பரில பிறந்து, 2020 டிசம்பரில, ரெண்டாவது பிறந்தநாள் கழிஞ்சு எட்டு நாளில மூச்சு எடுக்கேலாமல் செத்துப்போச்சு. அந்த வீட்டுப் பூஞ்சணத்தைச் சுவாசிச்சதாலதான் சாவு எண்டு 2022 நவம்பரில கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) தீர்ப்புச் சொன்னா. அந்தக் குடும்பத்தின்ர வாழ்க்கைமுறையைப் பற்றித் தாங்களே ஒண்டை நினைச்சுக்கொண்டோம், அது பிழை எண்டு வீட்டுக்கார நிறுவனமே பிறகு ஒத்துக்கொண்டது. உங்களுக்கு "கூடச் சமைக்கிறீங்கள்" எண்டு சொன்னதும் அந்த இனந்தான். ஹவுசிங் ஒம்பட்ஸ்மன் (இப்பிடியான வீட்டுக்காரரைப் பற்றின முறைப்பாடுகளை விசாரிக்கிற சுயாதீன அதிகாரி) 2021-லயே இதைப் பற்றி ஒரு அறிக்கை விட்டவர், தலைப்பே "இது வாழ்க்கைமுறை இல்லை" எண்டுதான்.

அந்தப் பிள்ளையின்ர பேரில வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27-ல இருந்து நடைமுறையில இருக்கு. கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் ரெண்டுக்கும் பொருந்தும். உங்கட பிரச்சினைக்கு அதில இருக்கிற கணக்கு இதுதான். நீங்கள் அறிவிச்சு 10 வேலை நாளுக்குள்ள விசாரிக்க வேணும். விசாரிச்சு முடிஞ்சு 3 வேலை நாளுக்குள்ள என்ன கண்டவை, என்ன செய்யப்போகினம் எண்டு எழுத்தில தரவேணும். ஆபத்து இருக்கெண்டு கண்டா 5 வேலை நாளுக்குள்ள அதை நீக்கி வீட்டைப் பாதுகாப்பா ஆக்கவேணும். திரும்ப வராமல் பண்ணுற பெரிய வேலையையும் அதே 5 நாளுக்குள்ள தொடங்கப் பாக்கவேணும், உண்மையாவே ஏலாட்டி, எவ்வளவு இழுத்தாலும் 12 கிழமைக்குள்ள வேலை தொடங்கியிருக்க வேணும். குடுத்த நாளுக்குள்ள வீட்டைப் பாதுகாப்பா ஆக்க ஏலாட்டி உங்களை வேற இடத்தில தங்க வைக்கிறது அவையின்ர செலவு. முதல் விசாரணையை ஃபோட்டோ, வீடியோ பாத்தும் செய்யலாம், ஆனா நேரில வந்து பாருங்கோ எண்டு நீங்கள் கேட்டா வரத்தான் வேணும். கேளுங்கோ. அலுமாரிக்குப் பின்னால இருக்கிற மணம் வீடியோவில வராது.

பிள்ளைக்கு ஆஸ்துமா எண்டதை அந்த ஈமெயிலிலயே போடச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அதே பூஞ்சணம் ஒரு சுகதேகிக்குச் சின்ன விசயமா இருக்கலாம், நெஞ்சுவருத்தம் இருக்கிற பிள்ளைக்குப் பெரிய ஆபத்து, அந்த வீட்டில ஆர் இருக்கினம் எண்டதைப் பாத்துத்தான் முடிவெடுக்க வேணும் எண்டு சட்டம் சொல்லுது. மூச்சு எடுக்கக் கஷ்டப்படுற அளவுக்கு மோசமெண்டா அது அவசரக் கணக்கு, 24 மணித்தியாலத்துக்குள்ள நடவடிக்கை எடுக்கவேணும். ஜிபி-யிட்ட ஒரு கடிதம் எடுத்தா நல்லது, ஆனா கடிதம் வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம், முதல் ஈமெயிலைத் தட்டிவிடுங்கோ.

சர்வேயர் வாற அண்டைக்கு ஒரு விசயம். இதைச் சொன்னா என்ர மனுசிக்குக் கோவம் வரும், ஆனா சொல்லத்தான் வேணும். எங்கட ஆக்களுக்கு வீட்டுக்கு ஆரும் வருகினம் எண்டா கூட்டித் துடைக்காட்டி நித்திரை வராது. ஒரு அம்மா, சர்வேயர் காலமை ஒன்பது மணிக்கு வாறார் எண்டு முதல்நாள் இரவு பிளீச் போட்டுச் சுவரெல்லாம் தேய்ச்சு, சாம்பிராணியும் காட்டி, அலுமாரியையும் தள்ளிச் சுவரோட ஒட்டி வைச்சிட்டா. வந்தவர் ஈரம் பாக்கிற மீட்டரை ரெண்டு இடத்தில குத்திப்போட்டு "மேற்பரப்பில பூஞ்சணம் காணப்படவில்லை" எண்டு எழுதிக்கொண்டு போயிட்டார். பேந்து அதை மாத்த எங்களுக்கு ஏழு மாசம் எடுத்தது. அதால, பிள்ளை படுக்கிற அறை, துடைக்காமல் விடுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன், ஆனா துடைக்க முதல் ஃபோட்டோ எடுங்கோ. பக்கத்தில ஒரு பேனையையோ அடிமட்டத்தையோ வைச்சு எடுத்தா எவ்வளவு அகலம் எண்டு தெரியும். சர்வேயர் வர முதல் அலுமாரியை வெளியில இழுத்து விடுங்கோ. பாத்ரூமில, குசினியில இருக்கிற காத்தாடியைப் போட்டு ஒரு டிஷ்யூ துண்டை அதில பிடிச்சுப் பாருங்கோ. ஒட்டிக்கொண்டு நிண்டா இழுக்குது, கீழ விழுந்தா அது சத்தம் போடுறதுக்கு மட்டுந்தான் இருக்கு. அதை சர்வேயருக்கு முன்னால செய்து காட்டுங்கோ. வெளிப்பக்கம் பீலி உடைஞ்சு மழைத்தண்ணி சுவரில வடியுதோ எண்டும் காட்டுங்கோ, கன இடத்தில மூலகாரணம் அங்கதான் நிக்கும், உள்ளுக்கு எத்தினைதரம் பெயின்ட் அடிச்சாலும் சரிவராது.

எங்கட பக்கமும் கொஞ்சம் இருக்கு, மறைக்கக் கூடாது. மூடியில்லாமல் சோறு அவிக்கிறது, ஈர உடுப்பை ரேடியேட்டரில விரிச்சுப்போட்டு யன்னலையும் இறுக்கி மூடுறது, ஹீட்டிங் பில்லுக்குப் பயந்து ஒரு அறையை மட்டும் சூடாக்குறது. எல்லாம் வீட்டுக்குள்ள ஈரத்தைக் கூட்டும். கொஞ்சக் காசுக்கு ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் வாங்கலாம், கிழமைக்கணக்கா 60 வீதத்துக்கு மேலயே நிண்டா வீடு ஈரத்தில ஊறுது எண்டு அர்த்தம். அதையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கோ. ஆனா நீங்கள் புட்டு அவிக்கிறீங்கள் எண்டதுக்காக அவை விசாரிக்காமல் விட ஏலாது. வீடெண்டா அதில சமைப்பினம், குளிப்பினம், மூச்சு விடுவினம்.

இனி இரண்டாவது விசயம், இதுதான் கன பேர் தவறவிடுறது. ரிப்பேர் சொல்லுறது வேற, கொம்ப்ளெய்ன்ட் போடுறது வேற. நீங்கள் பத்துத்தரம் அடிச்ச ஃபோனும் அவையின்ர கணக்கில பத்து ரிப்பேர் ரிக்கெட். கொம்ப்ளெய்ன்ட் பூச்சியம். "கொம்ப்ளெய்ன்ட்" எண்ட சொல்லைப் பாவிச்சுத்தான் ஆகவேணும் எண்டு விதியில இல்லை, அதிருப்தியை எப்பிடிச் சொன்னாலும் கொம்ப்ளெய்ன்ட்டாத்தான் எடுக்க வேணும் எண்டுதான் இருக்கு. ஆனா நடைமுறையில அந்தச் சொல்லைப் போடாட்டி ரிப்பேர் லைனிலயே சுத்திக்கொண்டு நிப்பீங்கள். அதால சொன்ன நாளுக்குள்ள ஆள் வராட்டி அடுத்த ஈமெயிலின்ர தலைப்பிலயே "ஸ்டேஜ் 1 கொம்ப்ளெய்ன்ட்" எண்டு போடுங்கோ. 2024 ஏப்ரல் 1-ல இருந்து ஒம்பட்ஸ்மனின்ர கொம்ப்ளெய்ன்ட் கோட் சட்டப்படி எல்லாருக்கும் கட்டாயம். 5 வேலை நாளுக்குள்ள கிடைச்சது எண்டு சொல்ல வேணும், அதில இருந்து 10 வேலை நாளுக்குள்ள பதில் தரவேணும். பதில் திருப்தியில்லாட்டி "ஸ்டேஜ் 2-க்கு எடுங்கோ" எண்டு ஒரு வரி. அதுக்கு 5 நாளும் 20 நாளும். கூட நேரம் வேணுமெண்டா காரணம் சொல்லிக் கேக்கலாம், சும்மா இழுக்கேலாது.

அந்த ரெண்டாவது பதில் வந்தாப் பிறகு ஹவுசிங் ஒம்பட்ஸ்மன். காசில்லை, வக்கீல் தேவையில்லை, 12 மாசத்துக்குள்ள போகவேணும். முந்தி கவுன்சிலரையோ எம்பி-யையோ கொண்டு அனுப்பவேணும், இல்லாட்டி 8 கிழமை பாத்துக்கொண்டு இருக்கவேணும் எண்டு ஒரு படி இருந்தது, 2022 ஒக்டோபரோட அதை எடுத்திட்டினம், ஆனா இப்பவும் கன பேர் அந்தப் பழங்கதையைச் சொல்லுகினம். ஒம்பட்ஸ்மன் தீர்ப்பு வர மாசக்கணக்கில இழுக்கும், அது உண்மை. ஆனா திருத்தச் சொல்லி, நட்டஈடு குடுக்கச் சொல்லி உத்தரவு போடுறவை அவை, தீர்ப்பையும் வெளியிடுவினம். ஸ்டேஜ் 2-க்கு வந்தவுடன திடீரெண்டு மனேஜர் ஒராள் தன்ர நேரடி நம்பரோட ஃபோன் எடுக்கிறது அதாலதான், அப்பிடி நடந்ததைக் கனதரம் பாத்திட்டன்.

இன்னொண்டு. அந்த ரெண்டு வருசத்து ஃபோனும் போயிட்டுது எண்டு கவலைப்பட வேண்டாம். உங்களைப் பற்றி அவையிட்ட இருக்கிற பதிவு முழுக்கத் தாங்கோ எண்டு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, சப்ஜெக்ட் அக்செஸ் ரிக்குவெஸ்ட் எண்டு சொல்லுவினம். இலவசம், பொதுவா ஒரு மாசத்துக்குள்ள தரவேணும். அதில ஃபோன் வந்த திகதி, ஆர் எடுத்தது, என்ன எழுதினவை எல்லாம் வரும். உங்கட ஃபோன் பில்லையும் எடுத்து அதோட பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. ஒரு பிள்ளை இப்பிடி எடுத்துப் பாத்தா, அவையின்ர சொந்த சர்வேயரே "பீலி மாத்த வேணும், அவசரம்" எண்டு 14 மாசத்துக்கு முந்தி எழுதி வைச்ச குறிப்பு உள்ளுக்குக் கிடக்கு. அவளுக்குச் சொன்னதோ, யன்னலைத் திற எண்டு.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயசு, தெற்கு லண்டனில கவுன்சில் ஃபிளாட்டில தனிய இருக்கிறா. வெள்ளிக்கிழமை பின்னேரம் பொய்லர் நிண்டுட்டுது. திங்கள்தான் ஆள் வருமெண்டு சொல்லுகினம். நான் லெஸ்டரில. பொறுக்கத்தான் வேணுமோ?

பதில்: பொறுக்க வேண்டாம். சூடும் சுடுதண்ணியும் தாற சாமானைத் திருத்தி வைச்சிருக்கிறது வீட்டுக்காரர் பொறுப்பு எண்டு 1985-ம் ஆண்டுச் சட்டத்தின்ர 11-ம் பிரிவு சொல்லுது, வாடகை ஒப்பந்தத்தில என்ன எழுதியிருந்தாலும் அதைத் தட்டிக் கழிக்கேலாது. இந்த வயசில தனிய இருக்கிற ஆளுக்குக் குளிருக்க பொய்லர் இல்லையெண்டா 24 மணித்தியாலக் கணக்குக்குள்ள வரும். கவுன்சிலின்ர இரவு-வார இறுதி அவசர நம்பருக்கு அடிச்சு, எடுத்த உடனயே "78 வயசு, தனிய, ஹீட்டிங் சுத்தமா இல்லை, சுடுதண்ணியும் இல்லை" எண்டு சொல்லுங்கோ. அம்மா எடுத்தா "பரவாயில்லை தம்பி, திங்கள் வாங்கோ" எண்டுதான் சொல்லியிருப்பா, எனக்குத் தெரியும். நீங்கள் எடுங்கோ, அம்மாவின்ர அனுமதியோட கதைக்கிறன் எண்டு சொல்லி. ரெஃபரன்ஸ் நம்பர் இல்லாமல் ஃபோனை வைக்க வேண்டாம். ஆள் வருமட்டும் எலக்ட்ரிக் ஹீட்டர் தாங்கோ எண்டும் கேளுங்கோ, கன இடத்தில வைச்சிருக்கினம், கேட்டாத்தான் வரும். தமிழில கதைக்க ஆள் வேணுமெண்டா மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம், பேரப்பிள்ளையைப் பிடிச்சு வைச்சுக் கதைப்பிக்க வேண்டாம்.

கவுன்சில் குடியிருப்பாளருக்கு 1994-ல வந்த ஒரு "திருத்த உரிமை" விதியும் இருக்கு. 250 பவுண்ஸுக்குள்ள முடியிற சின்ன, அவசர வேலையள், வேலையைப் பொறுத்து 1, 3, 7 வேலை நாளுக்குள்ள செய்யவேணும் எண்டு கணக்கு, கவுன்சில் அனுப்புற ரெண்டாவது ஆளும் வராட்டி நட்டஈடு 10 பவுண்ஸும் பிறகு நாளுக்கு 2 பவுண்ஸும், ஆகக்கூட 50. முப்பது வருசமா அதே 50 தான். அதை நம்பி வீடு வாங்கேலாது, ஆனா சொல்லிக் கேட்டா உங்களுக்குச் சட்டம் தெரியும் எண்டு அவைக்கு விளங்கும்.

கேள்வி: எட்டு மாசமா குசினிச் சீலிங் ஒழுகுது. திருத்துமட்டும் வாடகை கட்டாமல் விடு எண்டு மச்சான் சொல்லுறார். விடலாமோ?

பதில்: விட வேண்டாம். மச்சானுக்குக் கோவம் நியாயம், யோசனை பிழை. வாடகை நிண்டா உங்கட பேரில அரியர்ஸ் ஏறும், அதை வைச்சு உங்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம், அங்க நிக்கேக்க சீலிங் ஒழுகின கதை ரெண்டாம் பக்கத்துக்குப் போயிடும். வாடகையை ஒழுங்காக் கட்டிக்கொண்டு கேக்கிற ஆளின்ர கடிதத்துக்குப் பெலன் வேற. வாடகைக்கு எதிராச் செலவைக் கழிக்கிற முறை ஒண்டு சட்டத்தில இருக்குதான், ஆனா அது படிப்படியாச் செய்யிற நுணுக்கமான வேலை, ஆலோசனை எடுக்காமல் அதில கால் வைக்கக் கூடாது. சிற்றிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் எண்ட தொண்டு நிறுவனங்கள் ரெண்டும் இலவசமாச் சொல்லித்தருவினம். ஒழுக்கில பழுதான சாமானுகளை எறிய முதல் ஃபோட்டோ எடுத்து, ரசீது இருந்தா வையுங்கோ. சீலிங்கில ஒழுகிற இடம் லைட்டுக்குப் பக்கமெண்டா அந்த லைட்டைப் போட வேண்டாம், உடன அவசர நம்பருக்கு அடியுங்கோ, அது ஒழுக்குக் கதை இல்லை, கரண்ட் கதை.

கேள்வி: வாசலில ரெண்டு பேர் டை கட்டிக்கொண்டு வந்து, உங்கட வீட்டில டாம்ப் (சுவரில ஈரம்) இருக்கோ, நாங்கள் கேஸ் போட்டு ஆயிரக்கணக்கில எடுத்துத் தாறம், ஒரு சதமும் செலவில்லை எண்டு சொல்லி ஐபாட்டில கையெழுத்துக் கேட்டவை. போட்டிட்டன். இப்ப பயமா இருக்கு.

பதில்: முதல் அவையிட்ட இருந்து நீங்கள் கையெழுத்து வைச்ச எல்லாக் கடதாசியின்ர பிரதியையும் எழுத்தில கேளுங்கோ. வாசலில வந்து போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள்ள பொதுவா ரத்துச் செய்யலாம், நாள் இருந்தா ரத்து எண்டு இண்டைக்கே ஈமெயில் போடுங்கோ. நாள் கடந்திட்டுது எண்டா அவசரப்பட்டு விலகவும் வேண்டாம், இடையில விலகினா செலவை உங்களிட்டக் கேக்கிற மாதிரி எழுதியிருக்கினமோ, இன்சூரன்ஸ் எண்டு ஒண்டு உங்கட பேரில எடுத்திருக்கினமோ எண்டு பாத்திட்டு ஆலோசனை எடுத்து முடிவெடுங்கோ.

நல்ல சொலிசிட்டர்மாரும் இருக்கினம், வருசக்கணக்கா இழுபட்ட கேஸுகளுக்கு அவை தேவைதான். டிஸ்ரிப்பேர் கேஸுக்கு, அதாவது வீட்டைத் திருத்தாமல் விட்டதுக்குப் போடுற வழக்குக்கு, முதல் ஒரு கடிதம் போடவேணும், வீட்டுக்காரர் 20 வேலை நாளுக்குள்ள பதில் சொல்ல வேணும் எண்டு முறை ஒண்டு இருக்கு. ஆனா வாசல் வாசலாத் திரியிறவை வேற ரகம், அவைக்கு உங்கட சுவர் காயிறதில அக்கறை இல்லை. பிடிக்க வேண்டியது ஒண்டுதான்: கேஸ் நடக்குது, சொலிசிட்டர் கதைக்கட்டும் எண்டு சொல்லி வீட்டுக்காரர் ரிப்பேரை நிப்பாட்டி வைக்க விடாதேங்கோ. ரோச்டேலிலயும் அதுதான் நடந்தது, சொலிசிட்டர் கடிதம் போனாப் பிறகு உடன்பாடு வருமட்டும் வேலை செய்யிறதில்லை எண்டு ஒரு நடைமுறையை வைச்சுக்கொண்டு இருந்தவை, அதுக்குள்ள பிள்ளை போயிட்டுது. சொலிசிட்டர் கடிதம் மட்டும் போயிருந்தா ஒம்பட்ஸ்மன் வழி அடைபடாது. கோர்ட்டில வழக்குப் பதிஞ்சாப் பிறகுதான் சிக்கல்.

கேள்வி: ஐயா, நாங்கள் அகதியா வந்து கஷ்டப்பட்டுக் கிடைச்ச வீடு. கொம்ப்ளெய்ன்ட் போட்டா எழுப்பிப் போடுவினம் எண்டு இவர் பயப்பிடுறார். கிடைச்சதே பெரிய விசயம், சும்மா இரு எண்டுறார்.

பதில்: அம்மா, இந்தப் பயத்தை நான் சிரிச்சுத் தள்ளமாட்டன். ஒஃபீஸ் எண்டா கைகட்டி நிண்டு பழகின சனம் நாங்கள், ஒரு சீல் குத்தின கடிதம் வந்தாலே நெஞ்சு இடிக்கும். ஆனா உங்கட வீடு தானமாத் தந்தது இல்லை, மாசாமாசம் வாடகை போகுது. கவுன்சிலின்ர பாதுகாப்பான வாடகை ஒப்பந்தமோ, ஹவுசிங் அசோசியேஷனின்ர நிலையான ஒப்பந்தமோ இருக்கிறவையை எழுப்பிறதெண்டா சட்டம் சொல்லுற காரணம் ஒண்டு வேணும், கோர்ட் உத்தரவும் வேணும். ரிப்பேர் கேட்டது அந்தக் காரணங்களில இல்லை. விசாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்களுக்கு எந்த ஒப்பந்தம் எண்டு மட்டும் ஒருக்காப் பாருங்கோ, புதுசா வந்த வீடெண்டா முதல் வருசம் சோதனை ஒப்பந்தமா இருக்கலாம், தற்காலிகமாத் தந்த இடமெண்டா கணக்கு வேற, அப்பிடியெண்டா எழுத முதல் ஷெல்டரோட ஒருக்காக் கதையுங்கோ. அவருக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ. இன்னும் பயமெண்டா சனிக்கிழமை ரெண்டுபேருமா வாங்கோ, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைப்பம்.

கேள்வி: நீங்கள் முந்தி சொன்ன மாதிரி எழுதி, கடைசியா வாற செவ்வாய் காலமை 8-க்கும் 1-க்கும் இடையில ஆள் வருமெண்டு மெசேஜ் வந்திட்டுது அண்ணை! அண்டைக்கு என்ன செய்யவேணும்?

பதில்: வீட்டில நில்லுங்கோ, ஃபோனைச் சைலன்ட்டில போடாதேங்கோ, பெல் வேலை செய்யுதோ எண்டு முதல்நாளே அமத்திப் பாருங்கோ (சிரிக்க வேண்டாம், ரெண்டு வீட்டில இது நடந்தது). ஒரு மணியாகியும் ஆள் வராட்டி ஒரு மணி அஞ்சு நிமிசத்துக்கே ஈமெயில் போடுங்கோ, "8-ல இருந்து வீட்டில நிண்டன், ஒருத்தரும் வரேல்லை" எண்டு. வந்தா, வேலை செய்யிற பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுங்கோ, அவரோட சண்டை பிடிக்க வேண்டாம், பிழை அவர்ல இல்லை, அவருக்கு ஒஃபீஸ் குடுத்த துண்டில "பெயின்ட்" எண்டு மட்டும் போட்டிருந்தா அவர் பெயின்ட் வாளியோடதான் வருவார். என்ன வேலைக்கு வந்தனீங்கள் எண்டு அந்தத் துண்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. பீலியும் காத்தாடியும் அதில இல்லையெண்டா அவர் நிக்கேக்கயே ஒஃபீஸுக்கு அடிச்சுச் சொல்லுங்கோ. போகேக்க ஃபோனை நீட்டிக் கையெழுத்துக் கேப்பினம். மரியாதைக்கு வைச்சுக் குடுத்திடாதேங்கோ, என்ன எழுதியிருக்கு எண்டு வாசியுங்கோ. "வேலை முடிஞ்சது" எண்டு இருந்து வேலை பாதியில நிண்டா, அதிலயே "முடியேல்லை, பீலி மாத்த இருக்கு" எண்டு எழுதிப்போட்டு வையுங்கோ, எழுத இடமில்லாட்டி வைக்க வேண்டாம். அந்த ரிக்கெட்டை மூடினா திரும்பத் திறக்கிறதுக்கு முதலில இருந்து வரிசையில நிக்கவேணும்.